தவக்காலத்தில் ஐம்பத்தொரு சதவீதம்

1

இந்தக் கதை ஒரு பாராட்டிலிருந்து பிறந்தது. மது உரிமத் துறையிலிருந்து வந்த ஓர் இளம்பெண் என் பாரில் உட்கார்ந்து, வறுத்த கெளுத்தி மீனின் கடைசித் துண்டை வாயில் போட்டு, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு, "மேடம், உங்க மீன் ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் பிரச்சினையே" என்றாள்.

நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. பிடிமானத்துக்குப் பீர்க் குழாயைப் பிடித்ததில் அது திறந்துகொண்டு, செருப்பெல்லாம் நுரை. என் அண்ணன் போன பிறகு நான் அப்படிச் சிரித்ததே இல்லை. அந்தப் பெண் பயந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். என் பாரில், எனக்கே.

எதற்குச் சிரித்தேன் என்று புரிய எங்கள் டெக்சாஸ் சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கடையின் வருமானத்தில் பாதிக்கு மேல், அங்கேயே உட்கார்ந்து குடிக்கும் மதுவிலிருந்து வந்தால், வாசலில் பெரிய சிவப்பு எழுத்தில் "51%" என்று ஒரு பலகை தொங்க வேண்டும். அந்தப் பலகையைத் தாண்டித் துப்பாக்கியோடு யாரும் உள்ளே வரக்கூடாது. போலீஸ்காரர்களை விட்டுவிடுங்கள். மற்றவர் வந்தால் ஜெயில். பாதிக்குக் கீழே இறங்கினால் பலகையும் இறங்கிவிடும். அப்புறம் கடைக்காரர் தானாகத் தடுக்காதவரை, இடுப்பில் துப்பாக்கியோடு வந்து உட்கார்ந்து மீன் சாப்பிடலாம். குடிப்பவன் எவ்வளவு குடித்தான் என்று இந்தச் சட்டம் பார்ப்பதில்லை. பக்கத்து மேசைக்காரன் என்ன சாப்பிட்டான் என்று பார்க்கிறது.

[நான் வக்கீல் இல்லை. பார் நடத்துபவள். சட்டம் எனக்குத் தெரிவது அது தொங்கும் ஆணி வழியாகத்தான்.]

2

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

"அந்த மதியம் ஒரு துப்பாக்கி கீழே விழுந்த—"

வேண்டாம். கதையில் துப்பாக்கி வந்தால் அது எப்போது வெடிக்கும் என்றுதான் நீங்கள் காத்திருப்பீர்கள். மீனை யார் கவனிப்பது? இந்தத் துப்பாக்கி கதை தொடங்குவதற்கு வெகு முன்பே வெடித்துவிட்டது. இனி வெடிக்காது. காலை நீட்டிக்கொண்டு படியுங்கள்.

"பீருக்கும் மீனுக்கும் நடந்த போரில், முதலில்—"

இது கொஞ்சம் அதிகம். எழுதிய அன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மறுநாள் காலை பிடிக்கவில்லை. பீரும் அப்படித்தான்.

"வெர்லீன் நல்ல உயரம்."

இதுதான். இதையே வைத்துக்கொள்கிறேன். கதையில் என் இடத்தில் நிற்பவள் வெர்லீன்; நானோ குள்ளம். மேல் தட்டிலிருந்து ஒரு பாட்டில் எடுக்க எனக்கு ஸ்டூல் வேண்டும். வெர்லீனுக்கு வேண்டாம். கையை நீட்டுகிறாள், எடுக்கிறாள். கதை எழுதுவதில் இதற்கு மேல் என்ன சுகம் இருக்கிறது? அவளுக்கு முழங்கால் வலியும் கிடையாது. தொண்டையில் மட்டும் என்னுடைய அடைப்பையே வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தால் வேறு எதையோ சொல்லிவிடுவாள். அது இல்லாவிட்டால் கதை இல்லை.

3

வெர்லீனுக்கு ஓர் அண்ணன் இருந்தான். பெயர் லாடிஸ். [இந்தப் பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றிப் பார்த்தேன். புதுப் பெயரால் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.]

அப்போது இது பார் என்பதைவிடச் சாப்பாட்டுக் கடை. லாடிஸின் சாசேஜுக்காகப் பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் வருவார்கள். பீர் தொட்டுக்கொள்ளத்தான். ஆகவே சிவப்புப் பலகை கிடையாது. எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி இருக்கும், சாவிக்கொத்து மாதிரி. பாம்புக்கு, காட்டுப்பன்றிக்கு, சும்மாவுக்கு. ஒரு நாள் ஹில்மர் கீழே விழுந்த டாமினோக் காய் ஒன்றை எடுக்கக் குனிந்தார். ஹில்மர், லாடிஸின் சிநேகிதர், டாமினோவில் அவனுக்கு ஜோடி. இடுப்பில் இருந்தது நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது. லாடிஸ் அப்போது இரண்டு கையிலும் தட்டோடு—

இதை இங்கேயே விடுகிறேன். வேறு எந்த வாக்கியத்தை வேண்டுமானாலும் முடித்துத் தருகிறேன்.

அதன் பிறகு சமைக்க ஆளில்லை. அடுப்பை அணைத்தாள் வெர்லீன். பீரும் வினிகரில் ஊறிய முட்டையும் மட்டும்தான் மிச்சம். அடுத்து உரிமம் புதுப்பித்தபோது பாதிக்கு மேல் என்ன, கிட்டத்தட்ட முழுக்கவே பீர். சிவப்புப் பலகை வந்தது. அவள் கேட்டு வரவில்லை. அடுப்பு அணைந்ததால் வந்தது.

பலகை மாட்டிய வாரம் ஹில்மர் வந்தார். அதுவரை அந்தப் பக்கமே வராதவர். வாசலில் நின்றார். தொப்பியைக் கழற்றிவிட்டுப் பலகையைப் படித்தார். திரும்பித் தன் பிக்கப் வண்டிக்குப் போய், இடுப்பில் இருந்ததை அதில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து ஓரத்து மேசையில் உட்கார்ந்தார். வெர்லீன் ஒரு பீரைக் கொண்டுபோய் வைத்தாள்.

"மழை வரும்போல இருக்கு" என்றாள்.

"வந்தா நல்லதுதான்" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து வருடக்கணக்காக இருவரும் வானிலையையே பேசினார்கள். வெயில், ஆலங்கட்டி, வளைகுடாவில் சுழலும் புயல். எங்கள் பக்கம் வானிலைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

[நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. "கடைக்காரியே தன் பேரில் ஒரு தடைப் பலகை மாட்டிக்கொள்ளலாமே? சட்டம் அதற்கும் இடம் கொடுக்கிறதே?" கொடுக்கிறது. இரண்டு மொழியில், பெரிய எழுத்தில் மாட்டலாம். ஆனால் சிவப்புப் பலகை அரசாங்கம் பேசுவது. அது எல்லாரையும் பார்த்துப் பேசும். இவள் பலகை மாட்டினால், இவள் பேசுவது. அதுவும் ஒரே ஓர் ஆளைப் பார்த்து. ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த அத்தனை பேருக்கும் அது யார் என்று புரியும்.]

4

பிறகு மாதா கோவில் சமையலறையில் கூரை ஒழுகியது. ஒரு கதையை நகர்த்த ஒழுகும் கூரைதானா கிடைத்தது என்று யோசித்தேன். ஆனால் நிஜமாகவே ஒழுகியது. தவக்கால வெள்ளிகளில் இறைச்சி கூடாது என்பதால் கோவில் கூடத்தில் மீன் வறுப்பார்கள். அதை அந்த ஒரு வருடம் வெர்லீனின் அடுப்பில் வறுக்கலாமா என்று ஃபாதர் கேட்டார். பாதிரியார் கேட்டு எப்படி முடியாது என்பது? அவள் அணைந்த அடுப்பைப் பற்றவைத்தாள். சோளமாவில் புரட்டிய கெளுத்தியை எண்ணெயில் விட்டாள்.

அந்தச் சத்தம்! சொய்ங்கென்று எழுந்து, பொரிந்து, தானே அடங்குகிற அந்தச் சத்தம் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும் என்பது அவளுக்கே அதுவரை தெரியாது. உயிர்த்த ஞாயிறு முடிந்தது. கோவில் கூரையைச் சரிசெய்தார்கள். மீன் மட்டும் நிற்கவில்லை. வருடம் முழுக்க வெள்ளிக்கிழமை, பிறகு வியாழனும் வெள்ளியும். அடுப்பு எரிகிற நாளில் அவள் பாடிக்கொண்டே வேலை செய்தாள். கேட்கச் சகிக்காது. குரலும் என்னுடையதையே கொடுத்துவிட்டேன்.

அடுத்த வருடத் தவக்காலத்தின் முதல் வெள்ளியன்றுதான் உரிமத் துறைப் பெண் வந்தாள். பெயர் மரிசெலா. மீன் தின்றாள், முன்பு சொன்ன பாராட்டைச் சொன்னாள்.

"இப்பவே விளிம்புல நிக்கிறீங்க மேடம். ஈஸ்டர் முடிஞ்சதும் புதுப்பிக்க வருவேன். பீர் பாதிக்குக் கீழ போயிருந்தா அந்தப் பலகையை நான் கழட்டித்தான் ஆகணும்."

"கழட்டாம விட முடியாதா?"

"தப்பான பலகை தொங்கவிடக் கூடாது மேடம்." கொஞ்சம் தயங்கினாள். "இன்னொரு தட்டு கிடைக்குமா? இதுக்கும் காசு வாங்கிடுங்க."

அதுவும் சாப்பாட்டுப் பக்கம்தான் சேரும். வெர்லீன் மறுக்காமல் போட்டாள்.

5

இங்கே டெல்ஃபின் வருகிறாள். டாமினோ மேசையின் வாய். எனக்கு இவள்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. இவ்வளவு பேசுகிற ஒருத்தி நிஜத்தில் இருக்க முடியுமா? முடியாது. இரண்டு பேரைச் சேர்த்துத்தான் ஒருத்தி ஆக்கியிருக்கிறேன். இருவரும் உயிரோடு இருப்பதால் யார் யாரென்று சொல்லப்போவதில்லை.

"ஏன்டி வெர்லீன், சேதி தெரியுமா? ஊரே பீரை விட்டாச்சு."

"யாரு?"

"எல்லாருந்தான். ஹில்மர் வருஷா வருஷம் லாடிஸுக்காகத் தவக்காலத்துல பீரைத் தொடமாட்டாருல்ல? இந்த வருஷம் லாடிஸ் போய்ப் பத்தாவது வருஷம். அதனால எல்லாரும் சேந்து விடுறாங்க. ஃபாதர் பிரசங்கத்துலயே சொன்னாரு. நீ பூசைக்கு வந்திருந்தா காதுல விழுந்திருக்கும்."

"பீர் குடிக்காம இங்க வந்து என்னடி பண்ணுவாங்க?"

"மீன் திம்பாங்க. உனக்கு ஆதரவா."

இப்படி ஓர் அன்பை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? லாடிஸை நினைத்து ஊரே பீரை விடுகிறது. லாடிஸை நினைத்து ஊரே மீன் தின்கிறது. இரண்டும் சேர்ந்து, லாடிஸால் வந்த பலகையைக் கீழே இறக்கப் பார்க்கிறது. ஒருவருக்கும் அது தெரியாது. வெர்லீனாலும் சொல்ல முடியாது. சொன்னால், பலகை எதற்கு வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், ஹில்மர் இருக்கும் இடத்தில் சொல்ல வேண்டும்.

டெல்ஃபினிடம் மட்டும் சொன்னாள். டெல்ஃபின் கையைத் தட்டினாள். "உப்பைக் கொட்டு! தொண்டை காஞ்சா எந்தச் சபதமும் நிக்காது."

அடுத்த வெள்ளி வெர்லீன் உப்பைக் கொட்டினாள். ஊர் சாப்பிட்டது. கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டது. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. "அப்படியே லாடிஸ் கைமணம்" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாகம் எடுத்தது, உண்மைதான். ஜாடி ஜாடியாக ஐஸ் டீ குடித்தார்கள். ஐஸ் டீயும் சாப்பாட்டுப் பக்கம்தான்.

"சரி, மீனைக் கருக்கிடு" என்றாள் டெல்ஃபின்.

வெர்லீன் முயன்றாள். சத்தியமாக முயன்றாள். எண்ணெய் அருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மீன் பொன்னிறமானது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை, கை தானாகப் போய் அள்ளிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை தவக்காலக் கணக்குல வராதுடி!" டெல்ஃபின் ஓடிவந்தாள். "நாப்பது நாளை எண்ணிப் பாரு, ஞாயிறைச் சேத்தா இடிக்கும். ஃபாதர்கிட்டயே கேட்டுட்டேன். ஞாயிறு திறந்து வை. ஒரு வாரத்துப் பீரை ஒரே நாள்ல ஊத்திடலாம்."

திறந்து வைத்தாள். பூசை முடிந்து எல்லாரும் வந்தார்கள். குடும்பத்தோடு வந்தார்கள். தாத்தா ஒரு பீர் சொன்னார். மனைவி, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் மீன் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் வெர்லீனும் டெல்ஃபினும் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு எங்கே முடிந்து வேறு ஏதோ எங்கே ஆரம்பித்தது என்று எழுதத் தெரியவில்லை. சிரித்தார்கள் என்றே இருக்கட்டும்.

6

முடிவுகள். என்னிடம் சில இருக்கின்றன. பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது. வெர்லீன் அடுப்பை அணைத்துவிடுகிறாள். பீர் ஏறுகிறது, பலகை தங்குகிறது, அவளும் ஹில்மரும் சாகும்வரை மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். சுத்தமான முடிவு. ஆனால் இதை எழுதியபோது எண்ணெயின் சத்தம் நின்றுபோனது காதில் விழுந்தது. கிழித்துவிட்டேன்.

இன்னொன்று. கடைசி நாளில் ஊருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. ஆளாளுக்குப் பாய்ந்து வந்து குடிக்கிறார்கள். ஃபாதரே ஒரு கோப்பையைத் தூக்குகிறார், மரிசெலா கூட்டிப் பார்க்கிறாள், சரியாக ஐம்பத்தொன்று! எல்லாரும் ஆடுகிறார்கள், யாரோ அக்கார்டியன் வாசிக்கிறார்கள். இதை எழுதும்போது நாற்காலியில் நானும் ஆடினேன். ஆனால் இந்த முடிவில் ஹில்மர் எங்கே என்று தேடிப் பார்த்தேன். ஆட்டத்தில் இல்லை. அவரை வைக்க மறந்தே போயிருந்தேன். ஹில்மருக்கு இடமில்லாத முடிவு எவ்வளவு குதூகலமாக இருந்தாலும்—

மூன்றாவதில் ஒரு புயல் வந்து பாரையே தூக்கிக்கொண்டு போகிறது. என்னிடம் வேறு வழியில்லாதபோது எழுதியது. விடுங்கள்.

7

[ஹில்மருக்கு நான் மீசை வைக்கவில்லை. வைத்திருந்தால் வாய் மறைந்திருக்கும், எனக்கும் எளிதாக இருந்திருக்கும். அடுத்து வருவதில் அவர் வாய் தெரிய வேண்டும்.]

பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளி. மத்தியானம். ஊர் முழுக்க உள்ளே மீன் தின்றுகொண்டிருக்கிறது. ஹில்மர் ஓரத்து மேசைக்குப் போகவில்லை. நேராக வெர்லீனுக்கு எதிரே வந்து நின்றார்.

"ஒரு பீர் குடு."

"தவக்காலம், ஹில்மர்."

"காலண்டர் எங்க வீட்லயும் இருக்கு."

ஊற்றினாள். மருந்து குடிப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "இன்னொண்ணு" என்றார். அதையும் குடித்தார்.

டாமினோ மேசையிலிருந்து டெல்ஃபின் கத்தினாள். "அடப்பாவிக் கிழவா! ஊரையே விடவெச்சுட்டு நீ குடிக்கிறியா?"

"பாதிக்கு மேல வரணும்ல" என்றார் ஹில்மர், திரும்பிப் பார்க்காமல்.

வெர்லீனின் கை குழாயிலேயே நின்றது. "யார் சொன்னா உங்ககிட்ட?"

"அந்த ஆபீஸ் பொண்ணு சொல்லும்போது நான் ஓரத்துலதானே உக்காந்திருந்தேன்."

"அதுக்காக நீ ஒருத்தன் குடிச்சு ஊரு தின்னதை ஈடுகட்டுவியா?" என்றாள் டெல்ஃபின். "உன் வயிறு என்ன தண்ணி டேங்கா?"

மேசைகளில் சிரிப்பு எழுந்தது. ஹில்மர் சிரிக்கவில்லை. மூன்றாவது பீரைக் கேட்டார். வெர்லீன் ஊற்றி, கோப்பையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"எதுக்கு இது?" என்றாள் மெதுவாக.

அவர் சொன்னதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"பலகை இருந்தா எல்லாரு இடுப்பும் காலி. என்னுதும் காலி. யாரும் பாக்க மாட்டாங்க. பலகை போச்சுன்னா எல்லாரும் மாட்டிட்டு வருவாங்க. அப்ப நான் மாட்டாம வந்தா அத்தனை கண்ணும் என் இடுப்புலதான் இருக்கும். மாட்டிட்டு வர..." நிறுத்தினார். "அது முடியாது. உன் மீனை நிறுத்தச் சொல்லவும் எனக்கு வாய் வரல. அவன் அடுப்பு எரியறதைப் பாக்கவே வெள்ளிக்கிழமை எப்ப வரும்னு இருக்கு. ஆனா பலகை இல்லாம இந்தக் கதவு வழியா எப்படி உள்ள வர்றதுன்னு தெரியல, வெர்லீன்."

இத்தனை வருடமாக அந்தப் பலகை தன்னைக் காப்பாற்றுகிறது என்று அவள் நினைத்திருந்தாள். அது அவரைத்தான் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

வெர்லீன் கோப்பையை அவருக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். உயரமான பெண், அவளால் முடியும். இதை இனி அவர் குடிக்கக் கூடாது என்று சொல்ல அது போதும். மற்றதை வாயால்தான் சொல்ல வேண்டும். மேசைகளில் சிரிப்பு அடங்கிவிட்டது. எண்ணெயில் மீன் பொரிந்துகொண்டிருக்கிறது. அவள் வாயைத் திறந்தாள். அவள் சொன்னாள்—

8

இல்லை. இதை நான் எழுதப்போவதில்லை.

நடந்ததில் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டருக்குப் பிறகு மரிசெலா வந்தாள், பலகையைக் கழற்றினாள், தோளைத் தட்டிக் கொடுத்தாள், மீன் சாப்பிட்டாள். அந்த இடத்தில் நான் என் பேரில் எதையும் மாட்டவில்லை. ஹில்மர் அதற்குப் பிறகும் வந்தார், முடிகிறவரை, எல்லா வெள்ளியும், அதே கதவு வழியாக. போன இலையுதிர்காலத்தில் அவரும் போய்விட்டார். அதனால்தான் எழுத முடிகிறது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அவரிடம் சொன்னது நீளமாகவும் இல்லை, அழகாகவும் இல்லை. அது அவருக்கு. அவர் கொண்டுபோய்விட்டார்.

ஆனால் வெர்லீன் நான் இல்லை. அவள் உயரம். என் வாக்கியம் அவள் வாய்க்குப் பொருந்தவில்லை, வைத்துப் பார்த்துவிட்டேன். அவள் வரியை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும். "மன்னிச்சுட்டேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் அதைக் கேட்கவில்லை. பெரிய வார்த்தைகளும் வேண்டாம், ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு ஒரு மனிதர் வண்டியிலிருந்து இறங்கி, காலி இடுப்போடு, இத்தனை கண்களுக்கு நடுவே நடந்து உள்ளே வர வேண்டும். அதற்குப் போதுமான ஒரு வரி. அவ்வளவுதான் தேவை.

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து அவளை இப்படியே நிறுத்திவைத்திருக்கிறேன், கோப்பையைத் தூக்கிய கையோடு. நுரை வழிந்து முழங்கைக்கு வந்துவிட்டது. ஹில்மர் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சீக்கிரம் சொல்லுங்கள். அவளுக்குக் கை வலிக்கிறது.